மந்தம் என்று நான் எழுதிய பிள்ளை

(ஈசுவர வருஷம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், தென்காசி மாதர் சங்கத்தின் ஆண்டு விழாவில் குற்றாலம் பெண்கள் பாடசாலை ஆசிரியை பார்வதியம்மாள் ஆற்றிய உரை.)

இந்த அவைக்குத் தலைமை பூண்டு, பந்தல் ஓட்டை வழியே தலையில் சொட்டும் சாரலையும் துடைத்துக்கொள்ளாமல் பொறுமையே வடிவாக வீற்றிருக்கும் பேச்சித்தாய் ஆச்சி அவர்களே! நாம் அமர்ந்திருக்கும் ஜமுக்காளங்களை எல்லாம் தம் வீட்டிலிருந்து வண்டியேற்றி அனுப்பிவிட்டு, தாம் மட்டும் வெறும் பலகையில் உட்கார்ந்திருக்கும் ஜாஹிரா பீவி அவர்களே! பெண்கள் கூட்டத்தில் தமக்கென்ன வேலை என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று தயங்கித் தயங்கி, மூங்கில் தட்டியைப் பிடித்தபடி நிற்கும் எங்கள் பாடசாலை மானேஜர் நம்பிராஜன் அண்ணாச்சி அவர்களே! நாற்றை நட்டுவிட்டு, காலில் அப்பிய சேறு காயுமுன்னே கால்நடையாக வந்து குவிந்திருக்கும் இலஞ்சித் தாய்மார்களே! சுந்தரபாண்டியபுரத்திலிருந்து மூன்று வண்டி பூட்டி, மூட்டை முடிச்சோடும் மக்களோடும் வந்திறங்கிய மாதரசிகளே! மடியில் தவழும் மழலைகளே! கடைசி வரிசையில் வீறிட்டு அழுதுகொண்டிருக்கும் என் செல்லமே! உங்கள் ஒவ்வொருவரையும் இரு கரம் குவித்து வணங்குகிறேன்.

அந்தக் குழந்தையை வெளியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள் அம்மா, இருக்கட்டும். பதினோரு வருஷமாக அழுகைக்கு மேலே குரல் எடுத்துப் பேசிப் பழகியவள் நான். அவன் அழட்டும், நான் பேசுகிறேன், யார் முதலில் ஓய்கிறோம் என்று பார்த்துவிடலாம்.

என்னை அறியாதவர்களும் இங்கே இருக்கலாம். குற்றாலம் பெண்கள் பாடசாலையில் அரிச்சுவடி வகுப்பு நடத்துகிறவள் நான். கோபக்காரி என்று பெயர் எடுத்தவள். என்னிடம் படித்த பெண்கள் ஏழெட்டுப் பேர் முன் வரிசையில் பிள்ளைகுட்டியோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் மேடை ஏறியதும் உங்கள் கை தானாகக் கட்டிக்கொண்டதே, அதையும் பார்த்துவிட்டேன். கையைத் தளர்த்துங்கள் அம்மா! அந்தக் கட்டிய கையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

விழாக் குழுவினர் எனக்குக் கொடுத்த தலைப்பு என்ன தெரியுமா? 'இளம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்விக்கு அடிகோலுதல்: தாய்மார்களுக்கு ஓர் ஆசிரியையின் அறிவுரை.' அறிவுரையாம்! யார் யாருக்கு அறிவுரை சொல்வது? ஒரு வாரத்துக்கு முன்னே கேட்டிருந்தால் மூச்சு விடாமல் ஒன்றரை மணி நேரம் சொல்லியிருப்பேன். ஆறு நாளைக்கு முன்னே, எழுத்தறியாத ஒரு தாயிடம் நான் தோற்றுப்போனேன். தோற்றதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதைவிடப் பத்து மடங்கு பெருமையாகவும் இருக்கிறது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பேசி முடிப்பதற்குள் ஒரு குழந்தையின் கதி தீர்மானமாக வேண்டும். ஐந்தே வயது. அவள் இந்தப் பந்தலில் இருக்கிறாள். அவளைப் பெற்றவளும் இருக்கிறாள், தகப்பனாரும் இருக்கிறார். நாளைக் காலை கொல்லம் போகும் ரயிலில் அந்தக் குழந்தை ஏறப்போகிறாளா, நாளைக் காலை என் வகுப்பில் வந்து உட்காரப்போகிறாளா என்பது என் பேச்சைக் கேட்டபிறகு அந்தத் தகப்பனார் சொல்லப்போகும் ஒரு சொல்லில் இருக்கிறது. ஆகவே, தாய்மார்களே, வெற்றிலைப் பெட்டியைச் சற்றே மூடி வைத்துவிட்டுக் கேளுங்கள்.

குழந்தையின் பெயர் வள்ளித்தாய். தாய் குருவம்மாள், தந்தை சொரிமுத்து. பெயர் சொல்லிப் பேச அவர்களிடம் உத்தரவு வாங்கிவிட்டேன். சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு நீராட வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற குடும்பம். ஆண்கள் பக்கம் சொரிமுத்து, பெண்கள் பக்கம் குருவம்மாள். பேரருவிக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. கூப்பிடு தூரம் என்று சொல்வதும் தப்பு! அங்கே யார் கூப்பிட்டால் யாருக்குக் கேட்கிறது? நீர் நிறைந்து விழும் நாளில், காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் பாதிதான் விளங்கும்.

போன விஜயதசமிக்கு அந்தக் குழந்தையை என்னிடம் கொண்டுவந்தார்கள். வலக்கையைத் தலைக்கு மேலே வளைத்து இடக் காதைத் தொடச் சொன்னேன். எட்டி, எக்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு தொட்டுவிட்டாள். சரி, பள்ளிக்கூடத்து வயசு வந்துவிட்டது. "உம் பேரு என்னட்டி?" என்று கேட்டேன். அவள் சொன்னாள் பாருங்கள்! சொன்னாளா? முழங்கினாள்! கூரையில் இருந்த காக்கை பறந்தது. அடுத்த வகுப்பில் ஒரு பிள்ளை சிலேட்டைக் கீழே போட்டாள். வாசலில் கட்டியிருந்த வண்டிமாடு மிரண்டது. சிரிக்கிறீர்கள்! நான் அன்றைக்குச் சிரிக்கவில்லையே! சிரித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. "ஏட்டி, காது கிழியுது! இது பள்ளிக்கூடம். கையைக் கட்டு, வாயைப் பொத்து!" என்று ஓர் அதட்டல் போட்டேன்.

குழந்தை கையைக் கட்டினாள், வாயைப் பொத்தினாள். பொத்தியது பொத்தியதுதான். ஐப்பசியிலிருந்து ஆனி வரை ஒன்பது மாதம் அந்த வாய் என் முன்னால் திறக்கவில்லை.

அருவியடியில் பிறந்து வளர்ந்த பிள்ளை உரக்கப் பேசாமல் வேறு எப்படிப் பேசும்? தாய் உரக்கப் பேசுகிறாள், தகப்பன் உரக்கப் பேசுகிறான், அக்கம்பக்கத்தில் அத்தனை பேரும் உரக்கப் பேசுகிறார்கள். குற்றாலத்தில் குடியிருக்கும் எனக்கு இது உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லையே! பாடப்புத்தகத்தில் இருப்பதெல்லாம் தெரிந்த எனக்குப் பக்கத்து வீட்டில் நடப்பது தெரியவில்லை.

புளியங்கொட்டையை வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுப்பேன். "மூணு கொட்டை. இன்னும் நாலு கொட்டை. மொத்தம் எத்தனை?" மற்றப் பிள்ளைகள் 'ஆறு' என்றும் 'எட்டு' என்றும் கூவுவார்கள். வள்ளித்தாய் கட்டிய கையில் ஒன்றை மெல்ல விடுவித்து, தோளைத் தொட்டுவிட்டு, இரண்டு விரலை ஆட்டுவாள். "தோளைச் சொறியாதட்டி! கையைக் கட்டு!" என்று பிரம்பால் ஒரு தட்டுத் தட்டுவேன். மறுநாள் வேறொரு கணக்குக் கேட்பேன். மறுபடியும் தோளைத் தொடுவாள், விரலை ஆட்டுவாள். மறுபடியும் தட்டு விழும். கொஞ்ச நாளில் தோளைத் தொடுவதையும் விட்டுவிட்டாள். அப்பாடா, பிள்ளைக்கு ஒழுக்கம் வந்துவிட்டது என்று நான் மகிழ்ந்துபோனேன். என் புத்தியை என்னவென்று சொல்ல!

ஆனி மாதக் கடைசியில், யார் யார் மேல் வகுப்புக்குத் தகுதி என்று ரிஜிஸ்தரில் எழுதவேண்டும். வள்ளித்தாய் பெயருக்கு நேரே, சிவப்பு மையில், கொட்டை எழுத்தில் எழுதினேன். 'மந்தம்.' எழுதியதோடு நின்றேனா? பெற்றோரைப் பாடசாலை வாசலுக்கு வரவழைத்தேன். பத்துப் பதினைந்து பேர் நிற்கிறார்கள். எல்லோரும் கேட்கச் சொன்னேன், "உங்க பிள்ளை மந்தம். இது தேறாது. வீட்டுலயே வச்சுக்கிடுங்க."

குருவம்மாள் என் முகத்தையே பார்த்தாள். "வீட்டுல எல்லாம் சரியாச் செய்யுதாளே வாத்தியாரம்மா. எண்ணச் சொன்னா எண்ணுதா. எடுத்தாரச் சொன்னா எடுத்தாருதா" என்றாள்.

"எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக் குடுக்கது ஒரு படிப்பாக்கும்?" என்று கேட்டேன். இந்த வாயால்தான் கேட்டேன்.

அவள் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு இன்னொன்று கேட்டாள். "நான் எழுத்து அறியாதவ. எங்கிட்ட வளந்ததாலதான் பிள்ளைக்குப் படிப்பு ஏறலையா?"

தாய்மார்களே, ஒரு தாய் இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்லவேண்டும்? 'இல்லை அம்மா' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொன்னேன், "வீட்டுல சொல்லிக்குடுக்க ஆள் இல்லன்னா இப்படித்தாம்மா இருக்கும்." குருவம்மாள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

சொரிமுத்து மட்டும் நின்றார். "எந்தங்கச்சி மாடத்தி ஆரியங்காவுக்கு அங்கிட்டுத் தேயிலைத் தோட்டத்துல இருக்கா. கைப்பிள்ளையைப் பாத்துக்கிட ஆள் வேணும்னு ரொம்ப நாளாக் கேக்குதா. படிப்பு வராதுன்னா இவளை அங்கன விட்டுருதேன்" என்றார். அதுவும் நல்ல யோசனைதான் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். ஐந்து வயசுப் பிள்ளை அம்மாவை விட்டு, ஊரை விட்டு, மலை தாண்டிப் போய் இன்னொரு பிள்ளையை இடுப்பில் சுமக்கப் போகிறது! இதை நல்ல யோசனை என்று சொன்ன ஆசிரியை நான்தான்.

ஆச்சி முகத்தைத் துடைத்துக்கொள்கிறார்கள். சாரல் விழுந்துவிட்டது போலிருக்கிறது. ஆச்சி, இனிமேல் நல்ல பகுதி வருகிறது.

போன திங்கட்கிழமை பாளையங்கோட்டையிலிருந்து என் தமக்கை குடும்பத்தோடு வந்தாள், அருவியில் குளிக்க. என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ஈரப் பாறையில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறோம். எங்களுக்கு எண்ணெய் தேய்க்க வந்தவள் யார்? குருவம்மாள்! நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளோ ஒன்றும் நடவாததுபோல என் உச்சியில் எண்ணெயை வைத்து அரக்கித் தேய்த்தாள். கோபத்தில் நறுக்கென்று நாலு குட்டு வைத்திருந்தாலும் அருவிச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது, வைக்கவில்லை, மகராசி.

நாற்பது அடி தள்ளி ஒரு பாறை மறைவில் எண்ணெய்க் குடமும், கிண்ணங்களும், சீயக்காய்ப் பொட்டலங்களும் இருந்தன. அவற்றுக்கு நடுவே ராணிபோல வீற்றிருந்தாள் வள்ளித்தாய். குருவம்மாள் நிமிர்ந்தாள். இடக்கையில் கிண்ணம் இருக்கிறது, வலக்கை மட்டும்தான் ஓய்வு. அந்தக் கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டி, தன் கூந்தலைத் தொட்டாள். குழந்தை மூன்று சீயக்காய்ப் பொட்டலத்தோடு துள்ளி வந்தாள். சரி, கெட்டிக்காரிதான் என்று நினைத்தேன். அடுத்து ஒரு கூட்டம் வந்தது. குருவம்மாள் கையைத் தூக்கினாள். தோளைத் தொட்டாள். இரண்டு விரலைக் காட்டினாள், பிறகு கூந்தலைத் தொட்டாள். குழந்தை எத்தனை பொட்டலம் கொண்டுவந்தாள் என்று நினைக்கிறீர்கள்?

பந்தலில் எத்தனை பேர் சொல்கிறீர்கள்! ஆம், ஏழு! தோள் என்றால் ஐந்து! ஒரு கை கிண்ணத்தைப் பிடித்திருக்கும்போது ஐந்துக்கு மேலே எப்படிக் காட்டுவது? தோளைத் தொட்டால் ஐந்து, உச்சந்தலையைத் தட்டினால் பத்து, கூந்தலைத் தொட்டால் சீயக்காய். அருவியடியில் அவர்கள் பேசும் பாஷை அது.

எனக்கு எப்படி இருந்திருக்கும்! புளியங்கொட்டை மூன்றும் நாலும் எத்தனை என்று கேட்டேனே, தோளைத் தொட்டு இரண்டு விரலை ஆட்டினாளே! சொறியாதே என்று பிரம்பால் தட்டினேனே! சொன்னாள் அம்மா, சொன்னாள்! ஒவ்வொரு நாளும் சரியாகச் சொன்னாள்! கையைக் கட்டு என்று கட்டினேன், வாயைப் பொத்து என்று பொத்தினேன், பதில் வரும் இரண்டு வழியையும் நானே அடைத்துவிட்டு, பதில் எங்கே பதில் எங்கே என்று ஒன்பது மாதம் கேட்டுக்கொண்டிருந்தேன்! மந்தம் யாருக்கு? மந்தம் அந்தப் பிள்ளைக்கா, எனக்கா? பாறையில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டேன். கண்ணில் எண்ணெய் போய்விட்டதாக்கும் என்று என் தமக்கை தண்ணீரை வாரி அடித்தாள்.

இன்னும் கேளுங்கள். ஒரு குடும்பம் வந்தது. குருவம்மாள் நாலு விரல் காட்டினாள். குழந்தை நகரவில்லை. எக்கி எக்கிப் பாறையைப் பார்த்தாள். தலையை ஆட்டி மறுத்தாள். தன் தோளைத் தொட்டுக் காட்டினாள். ஐந்து! குருவம்மாள் திரும்பிப் பார்த்தால், ஒரு பெண்பிள்ளை தாயின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஐந்து பேர்தான்! தாய் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். மகளும் சிரித்தாள். தாயின் கணக்கில் பிழை கண்டுபிடித்த பிள்ளையைப் பார்த்துத் தாய் சிரிக்கிறாள்! என் வகுப்பில் ஒரு பிள்ளை என் கணக்கில் பிழை கண்டால் நான் சிரிப்பேனா? நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், சிரிக்கமாட்டேன்.

குருவம்மாள் காதோடு வாய் வைத்துக் கத்தினேன், "இதை யாரு இவளுக்குச் சொல்லிக்குடுத்தா?"

"எதை?"

"இந்த எண்ணிக்கையை!"

"இதைப் போயி யாரு சொல்லிக்குடுக்கணும்? நடக்க ஆரம்பிச்ச நாள்லேருந்து கூடவே வச்சுக்கிட்டுச் செய்யுதேன். மொதல்ல ஒண்ணு காட்டினேன், பொறவு ரெண்டு. தப்பாக் கொண்டாந்தா மறுபடியும் காட்டுவேன்."

"அடிக்க மாட்டியா?"

"அடிச்சா கிண்ணத்தைக் கீழ போட்டுருவாள்லா! எண்ணெய் போச்சுன்னா யாரு குடுப்பா?"

பயிற்சிப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் எனக்குப் பாடம் நடத்தினார்கள். குழந்தையை அடித்தால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

எழுந்து குழந்தையிடம் போனேன். நான் வருவதைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்த முகம் சுருங்கிப்போயிற்று. கிண்ணத்தைக் கீழே வைத்தாள். எழுந்து நின்றாள். ஒரு கையை மார்போடு மடக்கிக் கட்டினாள், மறு கையால் வாயைப் பொத்தினாள். அத்தனை பெரிய அருவி ஆர்ப்பரித்து விழுகிறது, ஆயிரம் பேர் ஆரவாரம் செய்கிறார்கள், அந்த இடத்தில் என்னைக் கண்டதும் அந்தப் பிள்ளை ஊமையாக நிற்கிறாள்!

ஈரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாலு விரல் காட்டினேன். பிறகு மூன்று விரல். குழந்தை தாயைப் பார்த்தாள். தூரத்திலிருந்து குருவம்மாள் தலையை அசைத்தாள். வாயைப் பொத்தியிருந்த கை மெல்ல இறங்கியது. தோளைத் தொட்டது. இரண்டு விரலைக் காட்டியது. தாய்மார்களே, பதினோரு வருஷத்தில் நான் வாங்கிய முதல் பாடம் அது!

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். "சொரிமுத்து, நான் சொன்னது தப்பு. பிள்ளையைத் திரும்ப அனுப்புங்க" என்று கெஞ்சினேன். அவர் அசையவில்லை. "தப்புன்னு எங்கிட்டத் தனியாச் சொல்லுதீங்க. மந்தம்னு ஊரு கேக்கச் சொன்னீங்கள்லா? தெருவுல பிள்ளைய இப்பம் 'மந்தம் வள்ளி'ன்னுதான் கூப்பிடுதாங்க. இவ அம்மா ராத்திரி சோறு திங்க மாட்டேங்கா, நான்தான் பிள்ளையைக் கெடுத்துப்புட்டேன்னு. தப்புன்னும் ஊரு கேக்கச் சொல்லுங்க. கேட்டுட்டு எம் முடிவச் சொல்லுதேன். திங்கக்கிழமை ரயிலுக்குப் பிள்ளை வருதுன்னு மாடத்திக்குத் தாக்கல் போயாச்சு" என்றார்.

நியாயமா இல்லையா? நூற்றுக்கு நூறு நியாயம்! அதனால்தான் இந்த மேடை, இந்தப் பேச்சு.

என்ன அண்ணாச்சி? உரக்கச் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும். "வீட்டுலயே எல்லாரும் சொல்லிக்குடுத்துட்டா, நான் எதுக்கு பள்ளிக்கூடம் நடத்துதேன்? பூட்டிருவமா?" என்று கேட்கிறார் நம்பிராஜன் அண்ணாச்சி. நல்ல கேள்வி. பூட்ட வேண்டாம் அண்ணாச்சி. எழுத்து வேண்டும், ஏடு வேண்டும், அவற்றை நாங்கள் கொடுக்கிறோம். ஆனால் எங்களிடம் வரும் பிள்ளை வெறும் பிள்ளையாக வருவதில்லை என்று நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்து வருஷம் ஒரு தாய் கையில் படித்துவிட்டு வருகிறது!

இலஞ்சித் தாய்மார்களே! நாற்றுமுடியைப் பிள்ளை கையில் கொடுத்து, 'அந்தா அந்த வரப்புல ஆறு, இந்தா இந்த வரப்புல நாலு' என்று வைக்கச் சொல்கிறீர்களே, அது கணக்கு இல்லையா? வயலுக்குப் போகும் வழியில் 'இது என்ன பறவை, அது என்ன மரம்' என்று பிள்ளை கேட்க, சுமையோடு நின்று பதில் சொல்கிறீர்களே, அது பாடம் இல்லையா? ஜாஹிரா பீவி அவர்களே! முந்தாநாள் உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் சின்ன மகள் சுல்தான் பீவி முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துவரை தனி, பாசிப்பயறு தனி, கல் தனி என்று பொறுக்கிக்கொண்டிருந்தாள். 'சும்மா விளையாடுதா டீச்சரம்மா' என்றீர்கள். சும்மாவா? இனம் பிரிக்கக் கற்ற அந்த விரல்தானே நாளைக்கு எழுத்தையும் இனம் பிரிக்கப்போகிறது! விளையாட்டு என்கிறீர்கள், வேலை என்கிறீர்கள், தொந்தரவு என்றும் சொல்கிறீர்கள். படிப்பு என்று மட்டும் ஏன் அம்மா சொல்ல மறுக்கிறீர்கள்?

'எனக்கு ஒண்ணும் தெரியாது, வாத்தியாரம்மா பாத்துக்கிடுவாங்க.' இந்தச் சொல்லை இன்றோடு விட்டுவிடுங்கள். உங்களுக்குத் தெரியும்! அடுப்பங்கரையில் தெரியும், ஆற்றங்கரையில் தெரியும், அறுவடைக் களத்தில் தெரியும்! வேலை செய்யும்போது பிள்ளையை விரட்டாதீர்கள், பக்கத்தில் வையுங்கள். பேசிக்கொண்டே செய்யுங்கள். பிழை செய்தால் இன்னொரு தரம் காட்டுங்கள். உங்கள் பிழையை அது கண்டுபிடித்தால், குருவம்மாளைப்போலச் சிரியுங்கள். நான் சொல்லும் அறிவுரை என்று கொள்ளவேண்டாம். அருவியடியில் குருவம்மாள் செய்ததைத்தான் உங்களுக்கு ஒப்பிக்கிறேன்.

இப்போது ஊர் கேட்கச் சொல்கிறேன். பேச்சித்தாய் ஆச்சி சாட்சி. இதோ எங்கள் பாடசாலை ரிஜிஸ்தர். அண்ணாச்சி முகம் சுளிக்கிறார். அடித்தல் திருத்தல் கூடாது என்பது விதி, எனக்கும் தெரியும். இன்ஸ்பெக்டரம்மா வந்து கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். இதோ, 'மந்தம்' என்ற சொல்லை அடிக்கிறேன். அதன் மேலே எழுதுவதை வாசிக்கிறேன், கேளுங்கள். 'பிள்ளை கெட்டிக்காரி. ஆசிரியை கவனிக்கவில்லை. பார்வதி.' கையெழுத்தும் போட்டாயிற்று. தெருவில் இனி யாராவது அந்தப் பிள்ளையை மந்தம் என்று கூப்பிட்டால், மந்தம் வாத்தியாரம்மாதான் என்று திருப்பிச் சொல்லுங்கள், நான் கோபித்துக்கொள்ளமாட்டேன்.

குருவம்மா! எங்கே இருக்கிறாய்? எழுந்து நில் அம்மா. கூச்சப்படாதே. 'எங்கிட்ட வளந்ததாலதானா' என்று கேட்டாயே, அதற்கு இன்றைக்குப் பதில் சொல்கிறேன். ஆமாம்! உன்னிடம் வளர்ந்ததால்தான்! உன்னிடம் வளர்ந்ததால்தான் உன் பிள்ளை கெட்டிக்காரி! என்னை மன்னித்துவிடு.

கை தட்டுங்கள் தாய்மார்களே, நன்றாகத் தட்டுங்கள், குற்றாலம் வரை கேட்கட்டும்!

சொரிமுத்து அவர்களே! ஊர் கேட்கச் சொல்லிவிட்டேன். நீங்களும் ஊர் கேட்கச் சொல்லுங்கள். பிள்ளை நாளைக்கு எங்கே போகிறாள்?

பந்தல் கொஞ்சம் அமைதியாக இருக்கட்டும். எல்லோருக்கும் கேட்டதா? கேட்காதவர்களுக்காக நான் திருப்பிச் சொல்கிறேன். "பிள்ளை ரயிலுக்குப் போகல வாத்தியாரம்மா. பள்ளிக்கூடத்துக்குத்தான் வருவா" என்கிறார்! ஆனால் ஒரு கவலையும் சொல்கிறார். "மாடத்தி ஸ்டேஷன்ல வந்து காத்துக்கிட்டு நிப்பா. அவளுக்கு யாரு எழுதுதது? எங்க வீட்டுல எழுதத் தெரிஞ்சவுக யாரும் இல்ல."

இதற்கா கவலை? இந்த மேசையிலேயே எழுதுகிறேன். நாளைக் காலை அந்த ரயிலில் வள்ளித்தாய் ஏறமாட்டாள், அந்தப் பக்கம் போகிறவர் கையில் ஒரு கடிதம் ஏறும். கேளுங்கள். 'மாடத்திக்கு அண்ணன் சொரிமுத்து எழுதிக்கொண்டது. இவ்விடம் எல்லோரும் சுகம். வள்ளித்தாய் அங்கே வரமாட்டாள். அவள் மேல் வகுப்புக்குத் தேறிவிட்டாள்.' உங்கள் வீட்டுக்காக அடுத்தவர் எழுதும் கடைசிக் கடிதம் இது, சொரிமுத்து. அடுத்த வருஷம் அத்தைக்குக் கடிதம் எழுதப்போகிறவள் உங்கள் மகள்!

என்ன குருவம்மா? இன்னும் ஒரு வரி சேர்க்கவேண்டுமா? சொல்.

"பிள்ளைக்குக் கணக்கு அவ அம்மா சொல்லிக்குடுத்ததுன்னு போடுங்க வாத்தியாரம்மா."

போடுகிறேன் தாயே, போடுகிறேன்! கொட்டை எழுத்தில் போடுகிறேன், தலைப்பிலேயே போடுகிறேன்!

இனிப் பேச எனக்கு ஒன்றும் இல்லை. இத்தனை நேரம் என் பிழையைப் பொறுமையோடு கேட்ட தலைவியார்க்கும், நனைந்துகொண்டே நின்ற நல்லவர்க்கும், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே பெரிய பெரிய பாடம் நடத்திவரும் தென்காசி, இலஞ்சி, குற்றாலச் சீமைத் தாய்மார்கள் அனைவர்க்கும் என் நன்றி, என் வணக்கம்!